தோத்தவர் ஏன் வீட்டுக்குப் போறார்? ஆப்பிரிக்க நாடுகள்ல ஆட்சி எதுல நிக்குது

2003 ஏப்ரல்ல சோமாலிலாந்துல, அதாவது சோமாலியாவோட வடக்குல தன்னத் தானே தனி நாடுன்னு அறிவிச்சுக்கிட்ட பகுதில, ஜனாதிபதி தேர்தல் நடந்துச்சு. கிட்டத்தட்ட 5 லட்சம் ஓட்டு பதிவாச்சு. எண்ணி முடிச்சா ஜெயிச்சவருக்கும் தோத்தவருக்கும் நடுவுல வித்தியாசம் 80 ஓட்டு. எண்பதே எண்பது. இதுல ஜெயிச்ச தாஹிர் ரியாலே காஹின் யாருன்னா, சோமாலியாவோட பழைய சர்வாதிகாரி சியாத் பாரே காலத்துல அந்த அரசோட உளவுத்துறைல வேலை பாத்தவர், தோத்த அகமது சிலான்யோ அதே சியாத் பாரேவ எதிர்த்து துப்பாக்கி தூக்கின இயக்கத்துக்கு பல வருஷம் தலைவரா இருந்தவர். போர் முடிஞ்சு ரொம்ப வருஷம் ஆகல, ஆயுதம் எங்க வேணா கிடைக்கும், போதாக்குறைக்கு சிலான்யோவோட இனக்குழுதான் அங்க பெரும்பான்மை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தலைநகர் ஹர்கெய்சா மறுபடி பத்தி எரிஞ்சிருக்கும்.

அவர் சொல்லல. தேர்தல் கமிஷன்ட்ட சண்டை போட்டார், கோர்ட்டுக்குப் போனார், கோர்ட் அவருக்கு எதிரா தீர்ப்பு சொல்லுச்சு, கொஞ்ச நாள் முரண்டு பிடிச்சார், பெரியவங்க உக்காந்து பேசினாங்க, கடைசில ஏத்துக்கிட்டார். 7 வருஷம் கழிச்சு 2010 தேர்தல்ல அவரே ஜெயிச்சார், ரியாலே நாற்காலிய விட்டு எழுந்து போனார்.

ஆப்பிரிக்க அரசியலப் புரிஞ்சுக்கணும்னு நினைக்கிற யாருக்கும் நான் முதல்ல சொல்றது இந்தக் கதையத்தான். ஏன்னா ஒரு அரசு நிலைச்சு நிக்குதாங்கறத ஜெயிச்சவரப் பாத்து சொல்ல முடியாது. ஜெயிச்சவர் எல்லா ஊர்லயும் சந்தோஷமாத்தான் இருப்பார். தோத்தவர் ஏன் வீட்டுக்குப் போறார்னு பாக்கணும். அந்த "ஏன்"க்கு இருக்கற பதிலுக்குத்தான் அரசியல் படிக்கிறவங்க லெஜிடிமசின்னு பேர் வச்சிருக்காங்க.

தமிழ்ல இத ஆட்சிக்கான நியாயம், ஏற்புடைமைன்னு பலவிதமா எழுதறாங்க. நான் எளிமையா சொல்றேன். வழில ஒருத்தன் கத்தியக் காட்டினா கைல இருக்கற காச குடுத்துருவோம், பயம், அவ்ளோதான். அவன் அந்தப் பக்கம் திரும்பினா ஓடிருவோம். ஊர்ப் பெரியவர் ஒருத்தர் "இந்த வரப்பு அவனோடது, நீ விட்டுக் குடு"ன்னா மனசு வலிச்சாலும் விட்டுக் குடுக்கறோம், அவர் கைல கத்தி இல்ல, போலீஸ் இல்ல, ஆனா அவருக்கு அப்படி சொல்ற உரிமை இருக்குன்னு நாம மனசுக்குள்ள ஒத்துக்கிட்டிருக்கோம். ஒரு அரசாங்கத்துக்கு ஜனங்க அந்த மாதிரி மனசுக்குள்ள ஒத்துக்கிட்டா அதுதான் லெஜிடிமசி. அது இருக்கற அரசுக்கு ஒவ்வொரு தெருவுலயும் சிப்பாய நிறுத்தத் தேவையில்ல, அது இல்லாத அரசுக்கு எத்தன சிப்பாய் இருந்தாலும் பத்தாது, கடைசில அந்த சிப்பாயே துப்பாக்கியத் திருப்பிப் பிடிப்பான்.

இந்த ஒத்துக்கறது எங்கேருந்து வருதுன்னு மாக்ஸ் வெபர்ங்கற ஜெர்மன் அறிஞர் நூறு வருஷத்துக்கு முன்னாடி மூணா பிரிச்சு சொன்னார்: பரம்பரை வழக்கத்துலேருந்து வரலாம், ஒரு தனி மனுஷனோட ஈர்ப்புலேருந்து வரலாம், சட்டம் விதிமுறைலேருந்து வரலாம். இது ஆரம்பத்துக்கு நல்ல பிரிவுதான், ஆனா ஆப்பிரிக்காவுல மூணும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கும், அதோட அவர் கணக்குல வராத இன்னும் ரெண்டு மூணு விஷயமும் இருக்கு. அத ஒவ்வொண்ணா ஊர் கதையோட பாக்கலாம்.

முதல்ல பிரச்சன எங்க ஆரம்பிச்சுதுன்னு பாக்கணும். 1884-85ல பெர்லின்ல ஐரோப்பிய நாடுகள் கூடி ஆப்பிரிக்காவ எப்படிப் பங்கு போடறதுன்னு விதிமுறை பேசி முடிச்சாங்க, அந்த மேஜைல ஒரு ஆப்பிரிக்கர் கூட இல்ல. இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. எல்லைக் கோட்டப் பத்தி நிறைய பேசறோம், ஆனா கோட்டுக்கு உள்ள என்ன நடந்துச்சுன்னு கம்மியாத்தான் பேசறோம், என்னைக் கேட்டா உள்ள நடந்ததுதான் பெரிய காயம்.

தென்கிழக்கு நைஜீரியால இக்போ மக்கள எடுத்துக்கோங்க. "இக்போவுக்கு ராஜா கிடையாது"ன்னு அவங்களுக்குள்ளயே ஒரு சொலவடை உண்டு. ஒருசில ஊர் தவிர மத்ததுல ராஜா இல்ல, பெரியவங்க சபை, வயசுக் குழுக்கள், பெண்களுக்குத் தனி கூட்டம்னு எல்லாரும் பேசித்தான் முடிவு எடுப்பாங்க. பிரிட்டிஷ்காரங்களுக்கு இது பிடிபடல. தலைவர் வழியா ஆண்டே பழகினவங்க, தலைவர் இல்லாத ஊருக்கு என்ன பண்றது? ஒரு ஆளப் பிடிச்சு கைல ஒரு பத்திரத்தக் குடுத்து நீதான் தலைவன்னு சொல்லிட்டாங்க. வாரன்ட் தலைவர்கள்னே அவங்களுக்குப் பேர். ஊருக்குள்ள எந்த மரியாதையும் இல்லாதவன்கூட ஒரு காகிதத்தால வழக்கு விசாரிக்கவும் ஆள் பிடிச்சு வேலைக்கு அனுப்பவும் ஆரம்பிச்சான்.

1929 நவம்பர்ல ஓலோகோங்கற ஊர்ல ஒரு வாரன்ட் தலைவரோட ஆள் நுவானியெருவாங்கற பெண்ணோட வீட்டுக்குப் போய் உங்க வீட்டுல எத்தன பேர், எத்தன ஆடுன்னு கணக்கு எடுக்கப் பாத்தான். முன்னாடி ஆம்பளைங்கள இப்படித்தான் எண்ணினாங்க, எண்ணி முடிச்சதும் வரி வந்துச்சு. இப்ப பெண்களுக்கும் வரியான்னு செய்தி ஊர் ஊராப் பரவுச்சு, ஆயிரக்கணக்கான பெண்கள் கிளம்பி வாரன்ட் தலைவர்கள் வீட்டு முன்னாடி உக்காந்து பாட்டு பாடி அவங்க தொப்பியப் பிடுங்கினாங்க, அந்தத் தொப்பிதான் பதவிக்கு அடையாளம். அரசாங்கம் சுட்டுச்சு. 50க்கும் மேற்பட்ட பெண்கள் செத்தாங்க. ஆனா அதுக்கப்புறம் வாரன்ட் தலைவர் முறைய மாத்தித்தான் ஆகணும்னு ஆச்சு. வரின்னா கோபம் வர்றது எந்த ஊர்லயும் உள்ளது, இங்க அதையும் தாண்டி ஒண்ணு இருந்துச்சு. உன்ன யாரு எங்களுக்குத் தலைவனாக்கினதுன்னு கேட்டாங்க. இன்னிக்கும் ஒரு அரசுக்கு நியாயம் இருக்கான்னு கேக்கறப்ப நாம கேக்கறது அதே கேள்விதான்.

சுதந்திரம் வந்தப்ப புது அரசுகளுக்கு கிடைச்சது இந்த மாதிரி மேலேருந்து போட்ட மேல்சட்டைதான். கொஞ்ச நாளுக்கு விடுதலைப் போராட்ட ஈர்ப்பு தாங்குச்சு. கானாவுல குவாமே நிக்ருமா 1957ல கொடி ஏத்தினப்ப கண்டமே கொண்டாடுச்சு, 9 வருஷத்துல, 1966 பிப்ரவரில, அவர் வெளிநாட்டுப் பயணத்துல இருந்தப்ப ராணுவம் ஆட்சியப் பிடிச்சுது, தெருவுல அதுக்கும் கொண்டாட்டம். ஒரு மனுஷனோட ஈர்ப்பு அவ்ளோ சீக்கிரம் கரையும், நடுவுல அத விதிமுறையா மாத்தி வைக்கலன்னா.

அப்ப ஜனங்க ஒத்துக்கலன்னாலும் இத்தன அரசுகள் எப்படி அத்தன வருஷம் ஓடுச்சு? இங்கதான் வெளியேருந்து வர்ற அங்கீகாரம். 1964ல கெய்ரோவுல ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு, சுதந்திரத்தப்ப இருந்த எல்லைய எல்லாரும் மதிப்போம்னு முடிவு பண்ணுச்சு. இல்லன்னா கண்டம் முழுக்க எல்லைச் சண்டை ஆயிருக்கும், அதனால அந்த முடிவுல பெரிய நியாயம் இருந்துச்சு. ஆனா அதோட இன்னொரு விளைவு என்னன்னா, தலைநகரத்தப் பிடிச்சவனுக்கு ஐ.நா நாற்காலி, கடன், ஆயுதம் எல்லாம் தானா வரும், அவன் தன் ஜனங்கள்ட்ட ஒண்ணும் கேக்கத் தேவையே இல்ல. காங்கோல மொபுட்டு 1965லேருந்து 1997 வரைக்கும் இருந்தது இப்படித்தான், பனிப்போர்ல மேற்கு நாடுகளுக்கு அவர் தேவைப்பட்டார். பனிப்போர் முடிஞ்சுது, அந்தத் தேவையும் போச்சு, கிழக்கேருந்து கலகப்படை வந்தப்ப அவரோட ராணுவம் எதிர்த்து நிக்காம கலைஞ்சு ஓடுச்சு. எண்ணெய்ப் பணமும் இதே மாதிரிதான் வேலை செய்யும், ஜனங்கள்ட்ட வரி கேக்கத் தேவையில்லாத அரசு அவங்கள்ட்ட கணக்கு சொல்லவும் தேவையில்லன்னு நினைச்சுக்குது. ஈக்வடோரியல் கினியால ஒபியாங் 1979லேருந்து, கேமரூன்ல பால் பியா 1982லேருந்து. ரொம்ப நாள் ஒரே ஆள் இருக்கறத ஸ்திரம்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, அடுத்து யாருன்னு கேட்டா பதில் இல்லாத ஊர எப்படி ஸ்திரம்னு சொல்றது.

இப்ப போட்ஸ்வானாவுக்கு வரேன், கொஞ்சம் நிதானமா சொல்லணும்.

1966 செப்டம்பர் 30ல சுதந்திரம் வாங்கினப்ப அது உலகத்துலயே ரொம்ப ஏழை நாடுகள்ல ஒண்ணு. நாடு முழுக்க தார் ரோடு 12 கிலோமீட்டர். காலேஜ் படிச்சு முடிச்சவங்க 22 பேர். பெரும்பகுதி கலஹாரி பாலைவனம். பிரிட்டிஷ்காரங்க அந்த நாட்ட ஆண்டதே நாட்டுக்கு வெளிய, தென்னாப்பிரிக்காவுக்குள்ள இருக்கற மாஃபிகெங்ங்கற ஊர்லேருந்துதான், அவ்ளோதான் அக்கறை. ஆனா அந்த அலட்சியத்துல ஒரு நல்லது நடந்துச்சு. ஸ்வானா மக்களோட பழைய அமைப்புகள் பெரிசா உடையாம தப்பிச்சுது. 1895ல மூணு ஸ்வானா தலைவர்கள், மூணாம் காமா, பத்தோயென், செபெலே, கப்பல் ஏறி லண்டனுக்கே போய் எங்க நிலத்த செசில் ரோட்ஸ்ங்கற பிரிட்டிஷ் முதலாளியோட கம்பெனிட்ட குடுக்காதீங்கன்னு ஊர் ஊரா பேசி காரியத்த சாதிச்சுட்டு வந்தாங்க. அந்தப் பயணம் நடக்கலன்னா, ரோட்ஸ் கம்பெனி நிலத்தப் பிடிச்ச ஜிம்பாப்வே கதைதான் அங்கயும்.

அவங்களோட பழைய அமைப்புக்குப் பேர் கோட்லா. ஊர் நடுவுல, தலைவர் வீட்டுப் பக்கத்துல, மரக் கம்பு நட்டு அரைவட்டமா வளைச்ச ஒரு திறந்த இடம். வழக்கு, வறட்சி, மேய்ச்சல், எதுவா இருந்தாலும் அங்க வச்சுத்தான் பேச்சு. தலைவர் கடைசிலதான் பேசுவார், எல்லாரும் பேசி முடிச்சப்புறம், கூட்டத்தோட மனசு எங்க போகுதுன்னு பாத்து முடிவு சொல்லுவார். "கோசி கே கோசி கா மொராஃபே"ன்னு ஒரு பழமொழி, தலைவன் தலைவனா இருக்கறது ஜனங்களாலதான்னு அர்த்தம். கோட்லால பேசற எல்லா வார்த்தையும் அழகுதான்னு இன்னொண்ணு, அதாவது என்ன கடுமையா பேசினாலும் அங்க பேசினதுக்கு யாரையும் தண்டிக்கக் கூடாது. இதுலயும் குறை உண்டு, மறைக்க மாட்டேன்: பழைய காலத்துல பெண்களுக்கு அங்க இடமில்ல, கலஹாரில வேட்டையாடி வாழ்ந்த சான் மக்களுக்கும் குரல் இல்ல. அந்தப் பழைய ஒதுக்கல் புது அரசுலயும் தொடர்ந்துச்சு, சான் மக்கள மத்திய கலஹாரி காட்டுலேருந்து வெளியேத்தினாங்க, 2006ல உயர் நீதிமன்றம் அந்த வெளியேத்தல் சட்டவிரோதம்னு தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்துச்சு.

முதல் ஜனாதிபதி செரெட்சே காமா, லண்டன் போன அந்தக் காமாவோட பேரன், ஸ்வானா மக்கள்ல ஒரு பிரிவான பாங்வாட்டோ மக்களோட தலைமைக்கு வாரிசு. 1948ல லண்டன்ல படிக்கறப்ப ரூத் வில்லியம்ஸ்ங்கற வெள்ளைக்காரப் பெண்ணக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அவரோட சித்தப்பா, பாதுகாவலர் ஷெகெடி காமா கடுமையா எதிர்த்தார், ஊர்ப் பெரியவங்களும் எதிர்த்தாங்க. செரெட்சே என்ன பண்ணார்னா செரோவே ஊர் கோட்லாவுக்கு வந்து நின்னு பேசினார், ஒரு தடவ இல்ல, பல தடவ கூட்டம் நடந்துச்சு. 1949 ஜூன்ல நடந்த கூட்டத்துல என்ன மனைவியோட ஏத்துக்கறவங்க எழுந்திரிங்கன்னு கேட்டப்ப ஆயிரக்கணக்கான பேர் எழுந்து நின்னாங்க. ஊர் ஏத்துக்கிச்சு, பிரிட்டன் ஏத்துக்கல. பக்கத்துல இனவெறி ஆட்சி ஆரம்பிச்சிருந்த தென்னாப்பிரிக்காவக் கோபப்படுத்தக் கூடாதுன்னு அவர நாட்ட விட்டே வெளிய வச்சாங்க. 1956ல தலைமைப் பதவி வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு சாதாரண குடிமகனா திரும்பி வந்தார். 1962ல கட்சி ஆரம்பிச்சார், 1965 தேர்தல்ல 31ல 28 இடம்.

கவனிச்சுப் பாருங்க, வெபர் சொன்ன மூணும் ஒரே ஆள்ட்ட வந்து சேந்துச்சு. பரம்பரை ரத்தம், நாடு கடத்தப்பட்டு வந்த ஈர்ப்பு, ஓட்டுல ஜெயிச்ச சட்ட உரிமை. மத்த நாடுகள்ல இது இருந்த தலைவர்களும் கெட்டுப் போயிருக்காங்க, அதனால இது மட்டும் காரணம் இல்ல. அடுத்து அவர் பண்ணதுதான் எனக்கு முக்கியம். சுதந்திரத்துக்கு அடுத்த வருஷம், 1967ல, மண்ணுக்கு அடில இருக்கற தாதுவெல்லாம் இனக்குழுக்களுக்கு இல்ல, நாட்டுக்குச் சொந்தம்னு சட்டம் கொண்டு வந்தாங்க. அதே வருஷம் ஓராபாங்கற இடத்துல வைரம் கிடைச்சுது. ஓராபா யார் நிலம்? செரெட்சேவோட சொந்த பாங்வாட்டோ நிலம். தன் ஜனங்களுக்கு மட்டும் போயிருக்க வேண்டிய சொத்த நாட்டுக்குன்னு விட்டவரோட அரச மத்த இனக்குழுக்கள் நம்பினதுல ஆச்சரியம் இல்ல. வைரம் தோண்டற டி பியர்ஸ் கம்பெனியோட பேரம் பேசி 15 சதவீதமா இருந்த அரசு பங்க 50க்கு ஏத்தினாங்க, அந்தக் காசு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடுன்னு ஜனங்க கண்ணுல படற மாதிரி போச்சு. பழைய தலைவர்களையும் ஒழிக்கல, தலைவர்கள் சபைன்னு ஒண்ணு வச்சு ஆலோசனை சொல்ல இடம் குடுத்தாங்க, ஆனா நிலம் பிரிச்சுக் குடுக்கற அதிகாரத்த அவங்கள்ட்டேருந்து எடுத்து நில வாரியங்கள்ட்ட குடுத்துட்டாங்க. மந்திரிங்க புதுத் திட்டம்னா இன்னிக்கும் கோட்லால போய் நின்னு பேசணும், திட்டு வாங்கணும்.

அதாவது புது அரசு பழைய நம்பிக்கையோட முதுகுல ஏறி வந்துச்சு. இக்போ ஊர்ல நடந்ததுக்கு நேர் எதிர்.

சோமாலிலாந்தும் கிட்டத்தட்ட இதே வழிதான், ஆனா ரொம்ப கஷ்டமான நிலைல. 1988ல சியாத் பாரேவோட விமானங்க ஹர்கெய்சாவ குண்டு போட்டு தரைமட்டமாக்குச்சு. 1991ல அவர் விழுந்ததும் வடக்குப் பகுதி தனி நாடுன்னு அறிவிச்சுது, 2025 கடைசி வரைக்கும், 30 வருஷத்துக்கு மேல, உலகத்துல எந்த நாடும் அத அங்கீகரிக்காமதான் இருந்துச்சு. 1993ல போராமாங்கற ஊர்ல இனக்குழுப் பெரியவங்க கூடினாங்க, 150 பேர், மாசக் கணக்கா பேசினாங்க. சாப்பாடு, தங்கறது எல்லாம் பெரும்பாலும் உள்ளூர் ஜனங்க, வியாபாரிங்க, வெளிநாட்டுல இருக்கற சொந்தக்காரங்க பாத்துக்கிட்டாங்க. ஆயுதத்த எப்படி ஒப்படைக்கறது, கால்நடை நிலம் யாருக்கு, யார் ஜனாதிபதின்னு அங்கதான் முடிவாச்சு. குர்த்தின்னு சொல்ற அந்தப் பெரியவங்க சபையே நாடாளுமன்றத்தோட மேல்சபை ஆச்சு. அதே நேரம் தெற்குல மொகதிஷுவுல ஐ.நா பெரும்படையோட பெரும் பணத்தோட வந்து அரசு அமைக்கப் பாத்துச்சு, 1995 மார்ச்ல கைவிட்டுட்டுக் கிளம்புச்சு. வெளி அங்கீகாரம் மட்டும் இருந்த இடத்துல அரசு இல்ல, உள்ள ஒத்துக்கிட்டது மட்டும் இருந்த இடத்துல அரசு இருந்துச்சு. 80 ஓட்டுல தோத்தவர் வீட்டுக்குப் போனார்னா, தன் ஆளுங்களும் எதிர் ஆளுங்களும் மாசக் கணக்கா உக்காந்து கட்டின வீட்டத் தானே கொளுத்த மனசு வரலன்னுதான் நான் புரிஞ்சுக்கறேன். ஆனா இதுக்கும் எல்லை இருக்கு. குர்த்தி உறுப்பினர்கள் 1997க்கு அப்புறம் தேர்தலே சந்திக்காம பதவிக்காலத்த நீட்டிக்கிட்டே போறாங்க. கிழக்குல லாஸ் அனோட் ஜனங்க இது எங்க அரசு இல்லன்னு எழுந்தாங்க, 2023ல சோமாலிலாந்து படை அங்கேருந்து பின்வாங்க வேண்டி வந்துச்சு. ஒத்துக்காத ஊருக்கு அந்த வீடும் அடுத்தவன் வீடுதான்.

தேர்தல் நடத்தினாலே போதுமான்னு கேட்டா மாலியப் பாருங்க. இப்ராஹிம் பூபக்கர் கெய்ட்டா 2013 ஜனாதிபதி தேர்தல்ல 77 சதவீதம் வாங்கி ஜெயிச்சவர், 2018ல மறுபடி ஜெயிச்சார். ஆனா வடக்குல ஜிகாதிகள் ஊர் ஊராக் கொன்னுட்டு இருந்தாங்க, ஊழல் புகார், 2020ல நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள நீதிமன்றம் மாத்துச்சுன்னு தெருவுல கோபம். அந்த ஆகஸ்ட்ல ராணுவம் அவரப் பிடிச்சப்ப தலைநகர் பமாகோவுல ஜனங்க கைதட்டினாங்க. அவங்களுக்கு ஜனநாயகம் பிடிக்கலன்னு பலபேர் எழுதினாங்க, எனக்கு அது அநியாயமாப் படுது. உயிரக் காப்பாத்தறதுதான் அரசோட முதல் வேலை, அதச் செய்யாதவங்களுக்கு ஓட்டு எண்ணிக்கை மட்டும் எத்தன நாள் முட்டுக் குடுக்கும்? ஆனா வந்த ராணுவமும் அந்தக் கடன அடைக்கல. கொலைகள் நிக்கல, சொன்ன தேதில தேர்தல் வரல, 2025 மே மாசம் எல்லா அரசியல் கட்சிகளையும் கலைச்சுட்டாங்க. கைதட்டு வாங்கி வந்த ஆட்சி, இப்ப கைதட்டறாங்களான்னு ஜனங்கள்ட்ட கேக்க ஒரு வழியையும் விட்டு வைக்கல.

பக்கத்துலயே செனகல். 2024 பிப்ரவரில ஜனாதிபதி மாக்கி சால் தேர்தலத் தள்ளி வச்சார், தெருவுல போராட்டம், உயிர் போச்சு. அரசியலமைப்பு மன்றம், ஏழே நீதிபதிகள், தள்ளி வச்சது செல்லாதுன்னு சொன்னாங்க. அவர் கேட்டுக்கிட்டார். மார்ச் 14ல ஜெயில்லேருந்து வெளிய வந்த எதிர்க்கட்சி வேட்பாளர் பாஸிரு ஜோமாய் ஃபாய் மார்ச் 24ல 54 சதவீதத்தோட ஜெயிச்சார், ஆளுங்கட்சி வேட்பாளர் அடுத்த நாளே வாழ்த்து சொன்னார். அந்த ஏழு பேர்ட்ட துப்பாக்கி இல்ல. நான் மேல சொன்ன வரப்புப் பெரியவர் மாதிரிதான் அவங்களும்.

கடைசியா ஒண்ணு. போட்ஸ்வானாவ நான் இவ்ளோ புகழ்ந்தாலும் அங்க ஒரு விஷயம் 58 வருஷமா சோதிச்சே பாக்காம இருந்துச்சு: ஆளுங்கட்சி தோத்ததே இல்ல. செரெட்சே கட்சி ஒவ்வொரு தேர்தலும் ஜெயிச்சுது, அதனால தோத்தா அவங்க வீட்டுக்குப் போவாங்களான்னு யாருக்கும் தெரியாது. வைர விற்பனை சரிஞ்சு, படிச்ச பிள்ளைங்களுக்கு வேலை இல்லாம, 2024 அக்டோபர் 30ல தேர்தல் வந்துச்சு. ஆளுங்கட்சிக்குக் கிடைச்சது 4 இடம். எண்ணிக்கை முழுசா முடியறதுக்கு முன்னாடியே, நவம்பர் 1 வெள்ளிக்கிழமை காலைல, ஜனாதிபதி மசிசி தோல்விய ஒத்துக்கிட்டு எதிர்க்கட்சித் தலைவர் டூமா போகோவுக்கு ஃபோன் பண்ணி வாழ்த்து சொன்னார். போகோ அன்னிக்கே பதவி ஏத்துக்கிட்டார்.